மூன்றாவது உத்தரம்

நவ. 17, திங்கள்

விடியற்காலை தூறல். ஏழு மணிக்கு வெயில், எட்டரைக்கு மறுபடி மேகம். குடைக் கம்பி உடைந்தது.

செய்ய வேண்டியவை:
— இரண்டாம் பகுதி சுத்தப் பிரதி
— நிவேதாவுக்கு செல்லோ பாகம் அனுப்ப (சென்னை)
— பிரஷர் மாத்திரை
— சர்ச்சில் நாற்காலி கேட்க (அக்கா கேட்பாள்)

ஒன்றும் செய்யவில்லை. காரணம், கூடம்.

எங்கள் வீட்டு முன்கூடத்துக்கு ஒரு சுரம் உண்டு. பியானோவில் இடது பக்கத்துக் கனத்த ‘மி’யை அழுத்தி விரலைச் சட்டென்று எடுத்தால், கம்பி அடங்கிய பிறகும் மேலே கூரை அதே மி-யை இரண்டு விநாடி பாடும். வேறு எந்தக் கட்டைக்கும் பாடாது. ஐந்து வயதில் கண்டுபிடித்தேன். ஐம்பத்து நான்கு வயதில் அதை வைத்து நால்வர் இசை ஒன்று எழுதியிருக்கிறேன். இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ, ஐந்தாவது வாத்தியமாகக் கூடம். லியோன் நகர வானொலிக்கார அம்மாள் 29-ஆம் தேதி ஒலிவாங்கிகளோடு வருவது இதற்காகத்தான். உலகத்தில் வேறெந்த அறையிலும் இதை வாசிக்க முடியாது என்று நானே அவருக்கு ஜம்பமாகக் கடிதம் எழுதியிருந்தேன்.

இன்று காலை மி-யை அழுத்தினேன். கூரை வாயைத் திறக்கவில்லை.

மறுபடி. மறுபடி. இல்லை. ஈரத்தில் பியானோ இறங்கிவிட்டதோ என்று தியாபசோனை (சுருதி பார்க்கும் இரும்புக் கவை) தட்டிப் பார்த்தேன். பியானோ சரியாகத்தான் இருக்கிறது. பிறகு ஒவ்வொரு கட்டையாக அழுத்திக்கொண்டே வந்தேன். மி-க்கு அரைச் சுரம் கீழே, கறுப்புக் கட்டையில், மி பெமோலில், கூரை பாடியது. மூன்று விநாடி.

அக்கா அடுக்களையிலிருந்து: “காலங்காத்தால ஒரே கட்டைய தட்டிக்கினு இருந்தா பைத்தியம்தான் புடிக்கும் தம்பி.”

மதலேன் அக்காவுக்கு வயது அறுபத்தொன்று. பிரெஞ்சு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, நானும்தான். இந்த வீட்டையும் என்னையும் சேர்த்து மேய்ப்பது அவள் வேலை.

நாற்பது பக்கம் மி-யை வைத்து எழுதியிருக்கிறேன். எல்லாம் பாழ். சை!


நவ. 18, செவ்வாய்

இரவு நல்ல மழை. தெருவில் கணுக்கால் தண்ணீர். பால் வரவில்லை.

இன்றும் மி பெமோல்தான். ஆனால் நேற்றைவிட நன்றாகப் பாடுகிறது. தொண்டை திறந்த மாதிரி. யோசித்துப் பார்த்தால் மி-யைவிட இதுவே மேல். முதல் பகுதியை அரைச் சுரம் இறக்கி எழுத ஆரம்பித்துவிட்டேன். வயோலாவுக்கு இரண்டு இடத்தில் கஷ்டம். படட்டும்.

மருந்துக்கடைக்காரர் (இவருக்கும் நான் ‘முசியே’தான், பிரெஞ்சில் ஐயா): “முசியே, 29-ஆம் தேதி வூட்ல கச்சேரியாமே? அக்கா வந்து கூப்ட்டாங்க. எந்தப் படத்துப் பாட்டு?”

முப்பது வருடமாக இதே கேள்வி. படம் இல்லை, பாட்டும் இல்லை, நான்கு பேர் வாசிப்பார்கள், இருபத்திரண்டு நிமிடம் என்றேன். “அப்ப பாட்றவங்க யாரு?” என்றார். கூரை என்று சொல்லியிருக்க வேண்டும்.

மாத்திரை வாங்க மறந்து வந்துவிட்டேன்.


நவ. 20, வியாழன்

இறங்குகிறது!

இன்று காலை மி பெமோலுக்குப் பதில் இல்லை. அதற்கும் அரைச் சுரம் கீழே, ரே-யில் பதில். நான்கு விநாடி. கூடத்தின் நடுவில் நின்றால் உள்ளங்காலில் தெரிகிறது. மூன்று நாளில் மி-யிலிருந்து ரே. எழுந்து ஒரு சுற்று நடந்தேன், மறுபடி உட்கார்ந்தேன்.

எத்தனை மடையன் நான். நின்ற இடத்தில் நிற்கும் ஒரு சுரத்துக்காக நாற்பது பக்கம் எழுதினேன். கூரை அதைவிடப் பெரிய யோசனையைத் தானே தருகிறது. நால்வரும் கூரையோடு சேர்ந்து இறங்க வேண்டும். அரை அரையாக. அவசரமே இல்லாமல். இறுதிப் பகுதியில் எல்லோரும் கூரையின் கீழே போய்ச் சேர வேண்டும்.

பத்து மணிக்கு உட்கார்ந்தவன் மூன்று மணிக்கு எழுந்தேன். கெழங்கா மீன் குழம்பு ஆறிவிட்டது. அக்கா கோபம். “இன்னிக்காச்சும் முகத்துல சிரிப்பிருக்குதே” என்று பிறகு அவளே சொன்னாள்.

தினமும் காலை ஆறு மணிக்கு எண்பத்தெட்டுக் கட்டையையும் அழுத்திப் பார்த்துக் குறிப்பது என்று முடிவு.


நவ. 21, வெள்ளி

குளியலறை ஒழுகுகிறது என்று அக்கா மேஸ்திரி ஏழுமலையை வரச் சொல்லியிருந்தாள். நெல்லித்தோப்புக்காரர். இந்தத் தெருவில் பாதி வீட்டுக் கூரை அவர் கைபட்டது. குளியலறையைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது கூடத்தில் நின்றார். நான் வாசித்துக்கொண்டிருந்தேன். முடியும் வரை நகரவில்லை. எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

“சார், கடைசியா ஒண்ணு அடிச்சீங்களே, அத இன்னொரு தரம் அடிங்க.”

அடித்தேன். ரே. கூரை பாடியது.

“இது எப்பலேர்ந்து?”

“நாலு நாளா. உங்களுக்கும் கேக்குதா!” இந்த ஊரில் என்னைத் தவிர இன்னொருவருக்குக் கேட்கிறது. ஆளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அவர் ஏணி கேட்டார். கூடத்துக் கூரையைத் தாங்குவது ஐந்து தேக்கு உத்தரங்கள். அவற்றின் மேல் செங்கல், சுண்ணாம்பு, தளம். சுத்தியல் பிடியால் ஒவ்வொன்றாகத் தட்டினார். முதலாவது, இரண்டாவது, கணீர் கணீர். மூன்றாவதை, அது சுவருக்குள் நுழைகிற இடத்தில் தட்டினார். பொத். விரலை வைத்து அழுத்தினார். நகம் முழுக்க மரத்துக்குள் போயிற்று.

“சுவத்துக்குள்ள இருக்கிற தலப்பு உளுத்துப் போச்சி சார். மேல தளம் தண்ணிய குடிச்சிக் குடிச்சி கனக்குது. அதான் இப்படி மொனவுது. ஒடனே முட்டு குடுக்கணும். சவுக்கு மரம் நாலு இருந்தா போதும், நாளைக்கே நிறுத்திடலாம்.”

“முட்டு குடுத்தா இந்தச் சத்தம் வருமா?”

என்னை ஒரு மாதிரி பார்த்தார். “சத்தம் நிக்கணும்னுதான சார் முட்டே குடுக்கறது.”

“29-ஆம் தேதி வரைக்கும் தாங்குமா?”

“மழ இல்லன்னா தாங்கும். பெஞ்சா என்னால சொல்ல முடியாது.”

முப்பதாம் தேதி வாருங்கள் என்றேன். வாசல் வரை கூடவே போய், “அக்காகிட்ட சொல்ல வேணாம், அவங்களுக்கு ரத்தக்கொதிப்பு” என்றேன். ரத்தக்கொதிப்பு எனக்குத்தான்.

நூறு வருடம் தாங்கிய மரம் இன்னும் எட்டு நாள் தாங்காதா? தாங்கும் என்று மேஸ்திரியே சொல்லியிருக்கிறார்.


நவ. 23, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. அக்கா மட்டும் போனாள். நேற்று ரே பெமோலுக்கு வந்துவிட்டது. இன்றும் அதே.

17 — மி பெமோல் — தூறல்
18 — மி பெமோல் — நல்ல மழை
20 — ரே — இரவு முழுக்க மழை
22 — ரே பெமோல் — மாலையிலிருந்து விடாமல்
23 — ரே பெமோல் — மழை இல்லை

மழை பெய்தால் இறங்குகிறது, வெயில் அடித்தால் நிற்கிறது. திரும்பி ஏறுவதே இல்லை. கடைசி வரியை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவைக் கையிலேயே வைத்திருந்தேன். இது இசைக்குறிப்பா, டாக்டர் நாடி பார்த்து எழுதும் சீட்டா என்று தோன்றியது. பிறகு இரண்டாம் பகுதிக்குப் போய்விட்டேன்.

செல்லோவின் கடைசிக் கம்பி தோ-வில் நிற்கும், அதற்குக் கீழே போகாது. இந்த வேகத்தில் போனால் சனிக்கிழமை கூரை தோ-வையும் தாண்டி சி-க்கு இறங்கியிருக்கும். நிவேதாவுக்கு போன் செய்தேன். செல்லோ வாசிப்பவள், மற்ற மூவருக்கும் அவள்தான் தலைவி.

“கடைசிப் பகுதிக்கு முன்னால அந்தக் கம்பியைத் தளர்த்தி சி-யில வெச்சுக்கணும்மா.”

“வெச்சுக்கலாம் சார். ஆனா சி-ன்னு எப்படி இப்பவே தெரியும்?”

“மழையைப் பொறுத்தது” என்றேன். சிரித்தாள். நான் வேடிக்கையாகப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

பூசை முடிந்து அக்கா சந்தோஷமாக வந்தாள். “நாப்பது பேருக்கு மேல சொல்லிட்டேன். உன்ன எந்தப் படம் எந்தப் படம்னு கேட்டாங்களே, அவங்க ஒருத்தர் வுடாம கூப்ட்டிருக்கேன். வந்து உக்காந்து கேக்கட்டும்.” சர்ச்சிலிருந்து ஐம்பது பிளாஸ்டிக் நாற்காலி. என் கையை எடுத்து அவள் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அம்மா போனதற்குப் பிறகு அப்படிச் செய்ததில்லை.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.


நவ. 25, செவ்வாய்

வெயில். வெயில். நீல வானம். தெருவெல்லாம் துணி காய்கிறது. எனக்கு எரிச்சல்.

ரே பெமோலிலேயே நிற்கிறது. கடைசிப் பகுதி சி-யில் எழுதி முடித்தாயிற்று. நான் எழுதியதிலேயே இதுதான் நல்லது, இதில் சந்தேகமே இல்லை. கூரை சி-க்கு வராவிட்டால் அத்தனையும் குப்பை.

மீன்காரம்மா வந்தது. கனகசெட்டிக்குளத்திலிருந்து பஸ்ஸில் வரும். சங்கரா மட்டும்தான். “புயல் சின்னமாம், நாளையிலேர்ந்து கடலுக்குப் போவக் கூடாதுன்னுட்டாங்க.”

“மழை வருமா?” என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

“வரும் வரும், ஊத்தும்னு சொல்றாங்க. ஏன் ஐயா, மழ வந்தா உனக்கு அப்படி இன்னா சந்தோசம்? படகு நின்னா எங்க வூட்ல உல ஏறாது.”

சங்கராவை வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் சாயங்காலம் மொட்டைமாடிக்கு ஏறிக் கிழக்கே மேகம் வருகிறதா என்று பார்த்தேன்.

மாடியில் தளத்தின் நடுவில் தண்ணீர் தேங்கியிருக்கிறது. போன வருடம் அங்கே தேங்கியதாக ஞாபகம் இல்லை. துடைப்பத்தால் தள்ளிவிட இரண்டு நிமிடம் ஆகும். தள்ளவில்லை.


நவ. 26, புதன்

நேற்று இரவு எட்டு மணிக்கு ஆரம்பித்த மழை இன்னும் விடவில்லை. காலை ஆறுக்கு: தோ. ஆறு விநாடி. பாடுவது என்று இனிமேல் சொல்ல முடியாது. தரைக்கும் கீழேயிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. பியானோ மேலிருந்த மூக்குக்கண்ணாடிக் கூடு தானாகக் கிடுகிடுத்தது.

பதினொரு மணிக்கு வாசலில் டெம்போ. மேஸ்திரி. நான் கூப்பிடவே இல்லை. நான்கு சவுக்கு மரம், மழைக்கோட்டு போட்ட ஓர் ஆள்.

“மழ பேயறதப் பாத்தா மனசு கேக்கல சார். ஒரு மணி நேர வேல. நிறுத்திட்டுப் போயிடறேன்.”

“சனிக்கிழமை கழிச்சு வரச் சொன்னேனே.”

“அக்கா இல்லியா?”

“மார்க்கெட்டுக்குப் போயிருக்காங்க.”

மழையில் நின்றபடி என்னைப் பார்த்தார். உள்ளே வாருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை நான். வாசலை அடைத்துக்கொண்டு நின்றேன். என் வீட்டு வாசலில் நானே காவல்காரன் மாதிரி.

“அந்தக் கூடத்துல ஆள உக்கார வெக்காதீங்க சார்” என்றார். சந்துப்பக்கச் சுவரோரம் மரங்களைப் போட்டுவிட்டுப் போனார்.

அக்கா வந்ததும் கேட்டாள், இது என்ன மரம் என்று. சனிக்கிழமைப் பந்தலுக்கு என்றேன். “பரவால்லியே, நீகூட இதெல்லாம் யோசிக்கிறியே” என்றாள்.

முப்பது வருடம். எழுதியதெல்லாம் இழுப்பறைக்குள். வெளிநாட்டில் இரண்டு தடவை யாரோ வாசித்தார்கள், ஒலிநாடா வந்தது, அவ்வளவுதான். மற்ற நாளெல்லாம் பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளுக்கு விரல் பயிற்சி. சொந்த ஊரில், சொந்த ஜனத்துக்கு முன்னால் ஒரே ஒரு சாயங்காலம் கேட்கிறேன். இருபத்திரண்டு நிமிடம். அது பெரிய ஆசையா?

இதை யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை.


நவ. 28, வெள்ளி

மழை, காற்று. நால்வரும் காலை பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். செல்லோவுக்கு மட்டும் தனி டிக்கெட். வானொலி அம்மாளும் வந்தாயிற்று. ஐந்து ஒலிவாங்கி. ஒன்றை நேராக மூன்றாவது உத்தரத்தைப் பார்த்து வைத்தார். நான் கையைக் காட்டவே இல்லை, அவராகவே அந்த இடத்தைக் கண்டுபிடித்தார்.

ஒத்திகை. முதல் இரண்டு பகுதி சுமார். கடைசிக்கு முந்தின மூன்றாவது பகுதியில் நிவேதா தோ-வை முழு வில்லாக இழுத்தாள். இழுத்து நிறுத்தியதும் கூரை எடுத்துக்கொண்டது. எட்டு, ஒன்பது விநாடி. வானொலி அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். வயலின் பையன் வில்லை இறக்கவே மறந்துவிட்டான். என் வாழ்நாளில் இப்படி ஒன்று நடந்ததில்லை. அழுதுவிட்டேன், எழுத வெட்கமில்லை.

பிறகு நிவேதா செல்லோவின் மேல் விரலால் தடவிப் பார்த்தாள். வெள்ளையாகத் தூள்.

“சார், மேலேர்ந்து என்னமோ விழுது.”

“சுண்ணாம்பும்மா. பழைய வீடு.”

“பயம் ஒண்ணும் இல்லையே சார்?”

நேராக என் கண்ணைப் பார்த்துத்தான் கேட்டாள். இருபத்தேழு வயது இருக்கும். “நூறு வருஷமா நிக்குது” என்றேன். அவள் தலையாட்டினாள். ஆனாலும் நாற்காலியை ஓரடி பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

பயமாக இருக்கிறது. இங்கேயாவது எழுதுகிறேன். நன்றாகப் பயமாக இருக்கிறது.

நாளைக்கு ஒரு நாள். ஒரே நாள்.


நவ. 29, சனி, காலை 6.40

இரவு முழுக்கக் கொட்டியது. இப்போது விட்டிருக்கிறது.

எந்தக் கட்டைக்கும் பதில் இல்லை.

சி இல்லை. தோ இல்லை. எண்பத்தெட்டையும் இரண்டு தரம் அழுத்திப் பார்த்தேன். கீழ்க் கோடியிலிருந்து மேல் கோடிவரை. விரலை எடுத்தால் சத்தம் அந்த இடத்திலேயே செத்துவிடுகிறது. பிறந்ததிலிருந்து இந்தக் கூடம் ஏதாவது ஒன்றுக்கு வாய் திறந்திருக்கிறது. இன்று ஒன்றுக்கும் இல்லை.

மேஸ்திரிக்கு மூன்று தரம் போன். எடுக்கவில்லை.

அக்கா நாற்காலிகளைத் துடைத்து வரிசை போட ஆரம்பித்துவிட்டாள். பாடிக்கொண்டே துடைக்கிறாள். அவள் குரலுக்குக்கூட ஒன்றும் இல்லை. மழை நின்றதால் மரம் காய்ந்து இறுகியிருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். மாலைக்குள் பழையபடி வரலாம். பத்து மணிக்கு மறுபடி பார்க்கிறேன்.


டிச. 2, செவ்வாய்

ஆஸ்பத்திரி. மூன்றாம் மாடி. வெயில் நன்றாக அடிக்கிறது. இங்கே காபி வாயில் வைக்க முடியவில்லை.

அக்காவுக்கு வலது கால் முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இடுப்பில் இரண்டு முறிவு. ஞாயிறு சாயங்காலம்தான் கண் திறந்தாள்.

சனிக்கிழமை நடந்ததை எழுதிவிட வேண்டும், என்னிடம் நானே மாற்றிச் சொல்லிக்கொள்வதற்கு முன்னால்.

பத்து மணிக்கும் பார்த்தேன், இரண்டு மணிக்கும் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. நாலரைக்குள் நாற்காலி நிரம்பிவிட்டது. மருந்துக்கடைக்காரர் குடும்பத்தோடு முன்வரிசையில். நாலே முக்காலுக்கு மேஸ்திரி திருப்பிக் கூப்பிட்டார். சேதராப்பட்டில் ஒரு கம்பெனி வேலையில் இருந்தாராம், போன் பையில் கிடந்ததாம்.

“சத்தமே வரலியா சார்? எத அடிச்சாலும்?”

“காலையிலேர்ந்து இல்ல.”

“அப்ப அது சுவத்த வுட்டுடுச்சி சார். சும்மா ஒக்காந்துக்கினு இருக்குது. ஆளுங்கள வெளிய கூட்டியாந்துடுங்க. இப்பவே. நான் கெளம்பிட்டேன்.”

கூரை விழப்போகிறது என்று ஒரே ஒரு வரி சொல்லியிருக்கலாம். சொன்னால் எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்பார்கள். நான் கூடத்துக்குள் போய், கை கூப்பி, சிரித்துக்கொண்டே சொன்னேன்: “ஈரத்துல ஒலி சரியா வரல. தெருக்கோடி சர்ச் ஹாலுக்குப் போயிடலாம். அவங்கவங்க நாற்காலிய எடுத்துக்குங்க.” நாற்காலியை எடுக்கச் சொன்னேன். ஓடுங்கள் என்று சொல்லவில்லை.

முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார்கள். நிவேதா என் முகத்தை ஒரு தரம் பார்த்தாள், செல்லோவைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக வெளியே போனாள். அக்காவுக்கு அவமானம். “இன்னா தம்பி இது, எல்லாரும் உக்காந்தப்புறம்? மானம் போவுது.” ஆனாலும் நான் சொன்னதால் அவளும் நாற்காலி தூக்கினாள். வாசலில் நின்று எண்ணினேன். எல்லோரும் வந்துவிட்டார்கள். அக்காவும் படியிறங்கித் தெருவுக்கு வந்துவிட்டாள். அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

“ஐயோ, உன் நோட்டெல்லாம் ஸ்டாண்டுலயே கெடக்குது” என்று திரும்பினாள்.

“வேணாம்கா, வா” என்று கத்தினேன். ஏன் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த நேரத்தில்கூடச் சொல்லவில்லை.

“சும்மா இரு. எத்தினி வருஷம் எழுதினது” என்று சொல்லிக்கொண்டே படியேறினாள்.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. லாரியிலிருந்து மணல் கொட்டுகிற மாதிரி, அப்புறம் மரம் ஒன்று தரையில் மோதியது. என் காது அந்த நேரத்திலும் அது என்ன சுரம் என்று தேடியது. சீ, என்ன காது இது. அறுத்து எறிய வேண்டும்.

மேஸ்திரி வந்து, சந்தில் கிடந்த சவுக்கு மரங்களைக் கொடுத்து நெம்பித்தான் உத்தரத்தை அவள்மேலிருந்து தூக்கினார்கள். கையில் காகிதத்தை விடாமல் பிடித்திருந்தாள்.

மூன்று நாளாக ஆள் வந்தபடி இருக்கிறார்கள். நான் என்ன ஆகிவிட்டேன் என்று எழுத வேண்டுமே. மருந்துக்கடைக்காரர் வராந்தாவில் நின்று எல்லோரிடமும்: “முசியே காதுன்னா காது. கூர விழப்போறத முன்னாடியே கேட்டுட்டாரு. பதறினா நெரிசல் ஆயிடும்னு நாசூக்கா வெளிய அனுப்பிச்சாரு. நாப்பது உசுரு!” பங்குச்சாமியார் என் தலையில் கை வைத்து ஜெபித்தார். பத்திரிகைக்காரர் ஒருவர் போட்டோ கேட்டார். எந்தப் படம் என்று யாரும் கேட்கவில்லை.

நகராட்சியிலிருந்து வந்தவர், முன்னாடி ஏதாவது அறிகுறி தெரிந்ததா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா படுத்தபடியே, “அவனுக்கு இன்னாங்க தெரியும் வீட்டப் பத்தி? பியானோவத் தவிர ஒண்ணும் தெரியாது” என்றாள். அவர் எழுதிக்கொண்டு போனார்.

வானொலி அம்மாளிடமிருந்து செய்தி. வெள்ளிக்கிழமை ஒத்திகைப் பதிவு அற்புதமாக வந்திருக்கிறதாம். கூரை தோ-வில் பதில் சொல்கிற இடத்தை லியோனில் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்கிறார்களாம். ஒலிபரப்ப அனுமதி கேட்கிறார். பதில் எழுதவில்லை. வேண்டாம் என்றும் எழுதவில்லை.

நேற்று சாயங்காலம் மேஸ்திரி ரொட்டியும் பழமும் வாங்கி வந்தார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “மேஸ்திரி, என் தம்பி காது மட்டும் இல்லன்னா அத்தினி பேரும் போயிருப்பாங்க.” அவர் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். “ஆமாம்மா” என்றார். படிக்கட்டு வரை கூடப் போனேன். இரண்டு படி இறங்கி நின்றார். “நீங்களே சொல்லிடுங்க சார். நான் சொன்னா நல்லா இருக்காது.”

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அக்கா விழித்துவிட்டாள். ஊசி போட்டிருக்கிறார்கள், வலி குறைந்திருக்கிறதாம். என்னையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

“இன்னா எழுதற? புதுசா?”

“இல்லக்கா. நாட்குறிப்பு.”

“படி. பொழுதாச்சும் போவும்.”

இதில் ஒன்றும் இல்லை என்றேன். பரவாயில்லை, படி என்கிறாள். டீச்சர் குரல். தலையணையைச் சரி செய்யச் சொன்னாள், செய்தேன். நடுவிலிருந்து வேண்டாம், முதலிலிருந்து படி என்கிறாள்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். பதினேழாம் தேதியிலிருந்து படிக்கப்போகிறேன்.